ஓய்வுபெற்ற விளக்குக் கப்பலைப் பார்க்கும் முறை: சங்கிலியிலிருந்து தொடங்குங்கள்

விளக்குக் கப்பலைப் பார்க்கப் போகிறவர்கள் மேலே கால் வைத்ததும் அண்ணாந்து விளக்கைத் தேடுவார்கள். முதல் தடவை நானும் அதைத்தான் செய்தேன். அண்ணாந்தபடியே நடந்து, கதவு நிலையின் இரும்பு விளிம்பில் கால் தடுக்கி, நெற்றியை எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டேன். இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவனுக்கு இது பெரிய அவமானம். பேரனுக்கு மட்டும் ஒரே சிரிப்பு.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய்விட்டேன். இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: விளக்கைக் கடைசியில் பாருங்கள், சங்கிலியிலிருந்து தொடங்குங்கள்.

காரணம் இருக்கிறது. சரக்குக் கப்பலில் நங்கூரம் போட்டால் எங்களுக்கு ஓய்வு. இந்தக் கப்பலுக்கு நங்கூரம் போட்ட பிறகுதான் வேலையே ஆரம்பம். கலங்கரை விளக்கம் கட்ட முடியாத இடங்களில், அதாவது மணல்திட்டு, ஆழக்கடல், துறைமுகத்துக்கு வெகு வெளியே என்று அஸ்திவாரத்துக்கு வழியில்லாத இடங்களில், ஒரு கப்பலைக் கொண்டுபோய்க் கட்டிவைத்து விளக்கேற்றினார்கள். போகாமல் இருப்பதற்காகக் கட்டிய கப்பல் அது. அதன் ஒவ்வொரு உறுப்பையும் அந்த ஒரு நினைப்போடு பார்த்தால் எல்லாம் தானாகப் புரியும்.

நான் பார்த்தது அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தில் இருக்கும் நான்டக்கெட், எண் எல்வி-112 (எல்வி என்றால் லைட் வெசல், விளக்குக் கப்பல்). அமெரிக்காவில் கட்டிய விளக்குக் கப்பல்களிலேயே பெரியது. ஏறக்குறைய 149 அடி நீளம். 1936இல் டெலாவேர் மாநிலத்து வில்மிங்டனில் பியூசி அண்ட் ஜோன்ஸ் என்ற நிறுவனம் கட்டியது. 1975 வரை, போர்க்காலம் போன்ற சில இடைவெளிகள் தவிர, நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே திறந்த கடலில் நின்றது. நீங்கள் பார்க்கப்போவது வேறு கப்பலாக இருந்தாலும் பரவாயில்லை. நான் சொல்லும் வரிசை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

ஏறுவதற்கு முன்னால் கரையிலேயே நின்று ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள். விலாவில் பெரிய வெள்ளை எழுத்தில் இருக்கும் பெயர் கப்பலின் பெயர் அல்ல. அது நின்ற இடத்தின் பெயர். கப்பல் இடம் மாறினால் பழைய பெயரை அழித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதுவார்கள். மற்ற கப்பல்கள் பழுதுபார்க்கப் போகும்போது மாற்றாள் வேலைக்கு வரும் கப்பலில் 'ரிலீஃப்' என்று மட்டும் எழுதியிருக்கும். ஆகவே கப்பலின் உண்மையான அடையாளம் எண்தான். அதுவும் ஒன்றோடு நிற்காது. 1939இல் கலங்கரை விளக்கங்களைக் கவனித்த துறை கடலோரக் காவல் படையோடு இணைந்தது. எல்வி-112 பிறகு டபிள்யூஏஎல்-534 ஆகி, அதற்கும் பின்னால் டபிள்யூஎல்வி-534 ஆனது. பழைய படங்களைத் தேடுகிறவர்கள் மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பெயரை நம்பி ஏமாற டெலாவேரின் லூயிஸ் ஊரில் நிற்கும் ஓவர்ஃபால்ஸ் நல்ல உதாரணம். 1938இல் கட்டிய எல்வி-118 அது. கார்ன்ஃபீல்டு பாயிண்ட், கிராஸ் ரிப், பாஸ்டன் என்று மூன்று இடங்களில் நின்ற கப்பல். ஓவர்ஃபால்ஸ் என்ற இடத்தில் ஒருநாள்கூட நின்றதில்லை. ஓய்வுபெற்று லூயிஸுக்கு வந்த பிறகு அந்தப் பக்கத்துக் கடலில் இருந்த பழைய நிலையத்தின் பெயரை எழுதிவிட்டார்கள். இதைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். விளக்குக் கப்பலுக்குப் பெயர் எப்போதுமே வாடகைச் சட்டைதானே.

சரி, இப்போது அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்பகுதிக்குப் போங்கள். முன்மூக்கின் நேர்நடுவில் ஒரு பெரிய துளை இருக்கும். சங்கிலி அதன் வழியாகத்தான் இறங்கும். சாதாரணக் கப்பல்களில் இந்தத் துளை இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இருக்கும். இங்கே நடுவில் இருப்பதற்குக் காரணம், வருஷக்கணக்காக ஒரே சங்கிலியில் தொங்க வேண்டியிருப்பதுதான். பக்கவாட்டில் இழுத்தால் கப்பல் கோணி நின்று ஒவ்வொரு அலைக்கும் தலையை உதறும். துளையின் உதட்டைக் கவனியுங்கள். சங்கிலி உரசுகிற இடமாகையால் தடித்த வார்ப்பிரும்பு வைத்திருப்பார்கள். கையால் தடவிப் பார்க்கலாம். நான் தடவிப் பார்த்தபோது ஒரு பக்கம் சற்றே பள்ளம் விழுந்தாற்போல் இருந்தது. ஒருவேளை என் கற்பனையாகவும் இருக்கலாம்.

அந்தச் சங்கிலியின் நுனியில் இருப்பது கொக்கி நங்கூரம் இல்லை, காளான் நங்கூரம். குடைக்காளானைத் தலைகீழாகப் பிடித்த வடிவம். இரண்டு மூன்று டன் எடை. ஸ்காட்லாந்தின் கலங்கரை விளக்கப் பொறியாளர் ராபர்ட் ஸ்டீவன்சன் 1807இல் பெல் ராக் பாறைக்குப் பக்கத்தில் ஒரு விளக்குப் படகை நிறுத்த இதைப் பயன்படுத்தினார். கொக்கி நங்கூரத்துக்கு என்ன குறை? அது ஒரு கொக்கியை மண்ணில் புதைத்து, இன்னொன்றை மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும். கப்பல் சுற்றும்போது தரையில் இழுபடும் சங்கிலி அந்த நீட்டிய கொக்கியில் சுற்றிக்கொண்டு, நங்கூரத்தையே பிடுங்கிவிடும். காளானில் சிக்குவதற்கு எதுவும் இல்லை. எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே பிடி. நாளாக ஆக மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போகும்.

நான்டக்கெட் மணல்திட்டுப் பக்கம் இது ரொம்ப முக்கியம். அங்கே ஓதம் ஏறி இறங்குவதோடு நிற்காது. நீரோட்டமே கடிகார முள்போலத் திசை மாறி, ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடும். சுழலும் நீரோட்டத்தை விளக்கும் கடலோடிப் பாடங்களில் நான்டக்கெட் விளக்குக் கப்பலில் எடுத்த அளவுகளைத்தான் படமாகப் போடுவார்கள். செக்கு மாடு மாதிரி சங்கிலியைச் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது இந்தக் கப்பல். இதை மேல்தளத்தில் நின்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். காலையில் ஜன்னலுக்கு நேரே இருந்த சூரியன் மத்தியானம் எங்கே இருக்கும் என்று அதில் வாழ்ந்தவர்களால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

அணியத்தை விட்டு நகரும்முன் சங்கிலியை இழுக்கும் விண்ட்லாஸ் எந்திரத்தையும் பார்த்துவிடுங்கள். அது கப்பலின் உடம்புக்கு மீறிய பெரிசாகத் தெரியும். அதுவும் சங்கிலியின் கணக்குத்தான்.

அடுத்து உடல். சிவப்பு நிறமும் வெள்ளை எழுத்தும் பகலில் தூரத்திலிருந்து தெரிவதற்காக. ஆரம்ப நாட்களில் பல நிறங்களில் அடித்தார்கள். பிறகுதான் சிவப்பு நிலைத்தது. இரண்டாம் உலகப்போரில் எல்வி-112 மெயின் மாநிலத்து போர்ட்லண்டில் வரும் கப்பல்களைப் பரிசோதிக்கும் வேலை பார்த்தபோது மட்டும் சாம்பல் நிறத்தில் இருந்தது. நீருக்குக் கீழே, வயிற்றின் இரண்டு பக்கமும் நீளமாகத் துடுப்புப் போன்ற தகடுகள் ஓடும், உருளாட்டத்தைக் குறைக்க. கரையிலிருந்து அவை தெரியாது. பராமரிப்புக்காகக் கப்பலை உலர்துறையில் தூக்கியிருக்கும் படம் கிடைத்தால் தேடிப் பாருங்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும், ஏனென்றால் இந்த உடல் ஏன் இப்படி இருக்கிறது என்பதுதான் கப்பலின் கதையே. எல்வி-112க்கு முன்னால் அதே இடத்தில் நின்றது எல்வி-117, 133 அடி. 1934 ஜனவரியில் வாஷிங்டன் என்ற பயணிக் கப்பல் அதை உரசிவிட்டுப் போனது. நாலு மாதம் கழித்து, மே 15, மூடுபனி. டைட்டானிக்கின் சகோதரிக் கப்பலான ஒலிம்பிக், 882 அடி நீளம், விளக்குக் கப்பல் வழிகாட்ட அனுப்பிய ரேடியோ ஒலியைப் பின்பற்றி வந்து நேராக அதன் மேலேயே ஏறிவிட்டது. கப்பலில் இருந்த 11 பேரில் 7 பேர் இறந்தார்கள்.

எஞ்சினியராக என்னை உறுத்துவது இதுதான்: ரேடியோ எவ்வளவு துல்லியமாக வழி காட்டியதோ, அவ்வளவு துல்லியமாக மோதல் நடந்தது. மங்கலாகக் கேட்கும் மூடுபனிச் சங்கை நம்பி வந்த பழைய மாலுமி பத்து டிகிரி தள்ளி வந்து தப்பித்திருப்பான். கலங்கரை என்ற சொல்லில் இருக்கும் 'கரை'க்கு அழைத்தல் என்று பொருள் சொல்வார்கள், காக்கை கரைவதுபோல. கலத்தை அழைப்பது கலங்கரை. அழைக்கிற வேலையில் இப்படி ஒரு வம்பும் உண்டு.

பிரிட்டன் அரசு நஷ்டஈடாகக் கொடுத்த 3,00,956 டாலரில் கட்டியதுதான் எல்வி-112. இன்னொரு ஒலிம்பிக் வந்தாலும் தாங்கவேண்டும் என்று வடிவமைத்தார்கள். இரட்டைச் சுவர் உடல், 43 நீர்புகா அறைகள். இதைப் பார்க்கும் முறை இப்படி: கீழ்த்தளத்தில் ஒரு அறைக்குள் போனதும் கதவை விட்டுவிட்டு மேலே பாருங்கள். மேல்தளத்துக்கு ஏறித் தப்பிக்கும் வழி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். பக்கத்து அறைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் கதவை மூடியாக வேண்டும். மூடினால் உள்ளே இருப்பவன் மாட்டிக்கொள்வான். அதனால் பக்கவாட்டில் ஓடாமல் நேரே மேலே ஏறிப்போகிற வழிகளை வைத்தார்கள். பேரனை ஒவ்வொரு அறையிலும் வெளியேறும் வழியைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் போட்டி வைத்தேன். எனக்கு முன்னால் அவனே கண்டுபிடித்தான். "தாத்தா, இது ஒளிஞ்சு விளையாட நல்ல கப்பல்" என்றான். அறை அறையாக ஓடி அதைக் கண்டுபிடித்த விதத்தில் அவன் சொல்வது சரிதான்.

அடுத்து எஞ்சின் அறை. நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான், மற்றவர்கள் இரண்டு நிமிஷத்தில் போய்விடலாம். முதலில் நீராவி, 1960இல் டீசலுக்கு மாற்றினார்கள். 'போகாத கப்பலுக்கு எஞ்சின் எதற்கு?' என்று யாராவது கேட்டால், பழைய விளக்குக் கப்பல்களுக்கு எஞ்சினே இல்லை என்பதைச் சொல்லுங்கள். அவற்றை இழுத்துக்கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். சங்கிலி அறுந்தால் விதி விட்ட வழி. எஞ்சின் வந்த பிறகு புயலில் அதைப் பயன்படுத்திய விதம் அழகானது: முன்னோக்கி மெதுவாக ஓட்டுவார்கள். காற்று பின்னால் தள்ளும், எஞ்சின் முன்னால் தள்ளும், சங்கிலியின் இழுவை குறையும். மணிக்கணக்காக எண்ணெயை எரித்து ஒரு அடி நகராமல் இருப்பது. என் காலத்துச் சீஃப் எஞ்சினியரிடம் இந்தக் கணக்கைக் காட்டியிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

அதுவும் எல்லா நேரமும் போதவில்லை. 1913 நவம்பரில் பெரும் ஏரிகளில் வீசிய புயலில் பஃபலோ விளக்குக் கப்பல் எல்வி-82 ஆறு பேரோடு மூழ்கியது. 1944 சூறாவளியில் வின்யார்டு நிலையத்தின் எல்வி-73 பன்னிரண்டு பேரோடு போனது. அதே நேரம், இடத்தை விட்டு விலகுவதும் குற்றம். வரைபடத்தில் போட்ட புள்ளியில் கப்பல் இல்லாவிட்டால் அதை நம்பி வருகிறவர்கள் திட்டில் ஏறிவிடுவார்கள்.

இப்போது மூடுபனிச் சங்கு. சில அருங்காட்சியகக் கப்பல்களில் விசேஷ நாட்களில் ஊதிக் காட்டுவார்கள். வாய்ப்புக் கிடைத்தால் காதைப் பொத்திக்கொண்டு நில்லுங்கள், குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். பனி கவிந்தால் நாள்கணக்கில் ஊதிக்கொண்டே இருக்கும். வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, ஊதி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து பேசுவது கப்பலில் இருந்தவர்களுக்குப் பழக்கமாகிவிடுமாம், கரைக்கு வந்த பிறகும்.

ஆனால் சங்கின் நல்ல தந்திரம் இதுவல்ல. ரேடியோ ஒலியையும் சங்கையும் ஒரே நொடியில் தொடங்கும்படி இணைத்து வைப்பதுண்டு. ரேடியோ உடனே வந்துவிடும், சங்கு காற்றில் நடந்து வரும். இரண்டுக்கும் இடையில் எத்தனை வினாடி என்று எண்ணி ஐந்தரையால் வகுத்தால் தூரம், கடல் மைலில். 22 வினாடி என்றால் நாலு மைல். திசை ரேடியோவில் கிடைக்கும், தூரம் காதில் கிடைக்கும்; பனிக்குள் கண்ணை மூடிக்கொண்டு இடம் குறித்துவிடலாம். இதைப் பேரனுக்குப் புரியவைக்க மேல்தளத்தின் ஒரு முனையில் அவன் கையை உயர்த்திக் கைதட்ட, மறுமுனையில் நான் எண்ண, ஒன்றும் தேறவில்லை. 149 அடிக்கு ஒலி வந்துசேர அரைக்கால் வினாடிதான் ஆகும். திறந்த மைதானத்தில் செய்யுங்கள், அல்லது இடி மின்னலை வைத்துச் சொல்லிக்கொடுங்கள்.

வாழும் அறைகளில் கட்டிலின் ஓரப் பலகை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். உருளாட்டத்தில் ஆள் கீழே விழாமல் இருக்கத்தான் அது. சாப்பாட்டு மேசையின் விளிம்பும் அப்படியே. ஆனால் இங்கே மெனக்கெட்டுப் பார்க்கவேண்டியது சும்மா இருக்கும் நேரத்தைத்தான். நான்டக்கெட்டின் தெற்குத் திட்டில் 1850களில் நின்ற விளக்குக் கப்பலில் இருந்தவர்கள் பிரம்புக் கூடை முடைய ஆரம்பித்தார்கள். அடி மரப்பலகை, மேலே பிரம்பு, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் அடுக்குக் கூடைகள். மர அச்சில் கவிழ்த்து முடைந்ததால் எல்லாம் ஒரே வார்ப்பில் வந்தன. 1900 வாக்கில் கப்பலில் அந்த வேலை நின்றுபோனது. தீவில் இன்றும் அந்தக் கலை உயிரோடு இருக்கிறது. அருங்காட்சியகத்தில் இந்தக் கூடை ஒன்று கண்ணில் பட்டால் அடியைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பலகை கடைந்த வட்டக்கோடுகள் தெரியும்.

இனி மேலே ஏறி விளக்கைப் பாருங்கள். 1730களில் தேம்ஸ் ஆற்று முகத்தில் நோர் என்ற இடத்தில் நிறுத்திய முதல் விளக்குக் கப்பலில் குறுக்குக் கட்டையில் இரண்டு லாந்தர்கள் தொங்கின, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1820இல் செஸபீக் விரிகுடாவில் முதல் கப்பல். எண்ணெய்க் காலத்தில் கொடிமரத்தைச் சுற்றி வளையமாக விளக்குகளைக் கட்டி, மாலையில் மேலே ஏற்றி, காலையில் மேல்தளத்து விளக்குக் கொட்டகைக்கு இறக்கித் துடைத்து நிரப்புவார்கள். பனி உறைந்த கயிற்றில் இதைச் செய்வதை நினைத்தாலே கை மரக்கிறது. பகலில் விளக்கு எரியாதே. அதனால் கொடிமரத்து உச்சியில் கம்பிக்கூடை போன்ற பெரிய அடையாளங்களை மாட்டியிருந்தார்கள்.

மின்சாரம் வந்ததும் விளக்கு உச்சியிலேயே நிரந்தரமாக அமர்ந்தது. ஆனால் கப்பல் உருளும்போது ஒளிக்கற்றை ஒரு தடவை வானத்தையும் ஒரு தடவை தண்ணீரையும் துழாவும், தூரத்துக் கப்பலுக்குத் தெரியாது. அதற்கும் ஒரு வழி செய்தார்கள்: வில்லைக்குக் கீழே எடை கட்டி, சுற்றிலும் வளையத்தில் தொங்கவிட்டார்கள். தூக்குவாளியைக் கைப்பிடியில் பிடித்துக் கையை எப்படிச் சாய்த்தாலும் வாளி செங்குத்தாகவே தொங்குமே, அதேதான். தரையில் வைத்த கண்ணாடி வில்லை அருங்காட்சியகத்தில் இருந்தால், ஒளிரும் பகுதியை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் அந்த எடையைத் தேடுங்கள்.

1820 முதல் 1952 வரை அமெரிக்காவுக்காகக் கட்டிய விளக்குக் கப்பல்கள் 179. 1961இல் பஸர்ட்ஸ் விரிகுடாவில் கப்பலுக்குப் பதிலாக இரும்புக் கோபுரம் வந்தது, அம்ப்ரோஸில் 1967இல். மற்ற இடங்களில் நாற்பதடி வட்ட மிதவை, ஆளில்லாமல். கடைசிக் கப்பல் 1985இல் ஓய்வுபெற்றது. பிறகு ஆளுக்கொரு தலைவிதி. ஃப்ரையிங் பேன் என்ற எல்வி-115 கவனிப்பாரின்றி துறையிலேயே மூழ்கி, தண்ணீருக்கடியில் மூன்று வருஷம் கிடந்து, மேலே எடுக்கப்பட்டு, இப்போது நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் மதுக்கடை. எல்வி-112ஐ அருங்காட்சியகக்காரர்கள் 2009இல் ஒரு டாலருக்கு வாங்கினார்கள். பழுது பார்க்கும் செலவு தனி. கட்டியது மூன்று லட்சம், விற்றது ஒன்று. எந்தக் கப்பலைப் பார்க்கப் போனாலும் நுழைவுக் கட்டணத்தோடு ஓரிரு டாலர் சேர்த்து உண்டியலில் போடுங்கள். துருவிடம் தள்ளுபடி கிடையாது.

போவதற்கு முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கப்பல்கள் குளிர்காலத்தில் மூடியிருக்கும், வெயில் காலத்திலும் சில நாட்கள்தான் திறப்பார்கள். வழுக்காத, பின்பக்கம் மூடிய செருப்பு. புடவை கட்டிக்கொண்டு செங்குத்து ஏணியில் இறங்க வேண்டாம், என் மனைவி முயன்று பாதியில் திரும்பிவிட்டாள். ஏணியில் எப்போதும் ஏணியைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்குங்கள். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், கேமரா கழுத்தில். கதவு நிலைகளில் காலைத் தூக்கித் தலையைக் குனியுங்கள், இரண்டையும் ஒரே சமயத்தில். என் நெற்றி அதைக் கற்றுக்கொண்ட விதம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.